மெழுகு நீக்கிய அரக்குச் செதில்: மர மாதிரிகளுக்கு எந்த அளவு பொருந்துகிறது?

பெயின்ட் அடிக்காமல், மரத்தின் சொந்த நிறமும் ரேகையும் தெரியும்படி விடப்படும் கைவினை மாதிரிகளுக்கு என்ன பூசலாம் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால், பெரும்பாலும் பளபளக்கும் பாலியூரித்தேன் டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அது சரி. இரண்டடி நீளத் தோணி மாதிரிக்கும் முழ உயரத் தேருக்கும் அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மாற்றாக நான் இப்போது தொடர்ந்து பயன்படுத்திவரும் மெழுகு நீக்கிய அரக்குச் செதில்களையும், அவற்றின்மேல் கடைசியாகத் தேய்க்கும், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த நுண்படிக மெழுகையும் பற்றியது இந்த மதிப்புரை. தேக்கும் மஞ்சக்கடம்பும் கலந்து கட்டிய தூத்துக்குடித் தோணியின் 1:50 மாதிரியிலும், வாகையில் செதுக்கிய சில சிறு உருவங்களிலும் இவை எப்படி நடந்துகொண்டன என்பதை வைத்தே எழுதுகிறேன்.

பாலியூரித்தேனை நான் ஒதுக்குவதற்கு முதற்காரணம் தடிமன். மாதிரி வேலையில் பூச்சும் அளவுகோலுக்கு உட்பட்டதுதான். 1:50 அளவில் 0.1 மி.மீ. பூச்சு என்பது நிஜத் தோணியின்மேல் 5 மி.மீ. கனத்தில் ஏதோ பிசினை ஊற்றி உறையவிட்டதற்குச் சமம். பலகைகளுக்கு இடையே மெனக்கெட்டு விட்ட இணைப்புக் கோடுகளும், ஊசிமுனை அளவே உள்ள ஆணிக்குறிகளும் அந்தப் பூச்சுக்குள் மூழ்கிப்போகும். அதன்மேல் விழும் வெளிச்சம் தனித்தனிப் பலகைகளைக் காட்டாமல் ஒரே கண்ணாடிப் பரப்பாகத் திருப்பியடிக்கும்; பார்ப்பவர் கண்ணுக்கு மரக்கலம் தெரியாது, கடைப்பொம்மைதான் தெரியும். நிஜத் தோணிகளும் வள்ளங்களும் மீனெண்ணெயும் குங்கிலியமும் குடித்து மங்கிய நிறத்தில் இருப்பவையே தவிர, ஒருநாளும் பளபளத்தவை அல்ல. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பாலியூரித்தேன் ஒருமுறை இறுகிவிட்டால் எந்தக் கரைப்பானுக்கும் இளகாது. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பலகை விட்டுப்போனால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும், சுரண்டினால் அருகிலுள்ள மரமும் போகும். அரக்கு அப்படியன்று. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் பல ஆண்டுகள் ஆனாலும் பெரும்பாலும் கரைந்து வந்துவிடும். புதிதாகப் பூசும் அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகும்.

அரக்கு நமக்குப் புதிய பொருள் அன்று. பலாசு, குசும், இலந்தை ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. இந்தியாவில் மிகுதியாக விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இலேயே இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டுவிட்டது. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளையும் சென்னப்பட்டணத்துப் பொம்மைகளையும் பார்த்தவர்கள் அரக்கின் அழகை ஏற்கெனவே பார்த்தவர்களே. அங்கே கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படிகிறது. பிறகு தாழை மடலை அழுத்திப் பரப்பி மெருகேற்றுகிறார்கள். கடைசலில் சுழற்ற முடியாத தோணிக்கும் தேருக்கும் அந்த வழி உதவாது. அவற்றுக்கு அரக்கை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது ஒன்றே வழி.

சாதாரண அரக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு அதன் சொந்த மெழுகு கலந்திருக்கும். கரைத்து வைத்தால் அது பால் கலங்கியதுபோல் அடியில் தங்கும். நான் வாங்கியது அந்த மெழுகைக் கரைசல் நிலையிலேயே வடித்தெடுத்த, பொன்னிறம் குன்றாத செதில். மெழுகு நீக்கியதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. பூச்சு தெளிவாக இருக்கும், ஈரத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதைவிட, மேலே வேறு எந்தப் பூச்சை ஏற்றினாலும் பிடித்துக்கொள்ளும்; மெழுகுள்ள அரக்கின்மேல் பாலியூரித்தேன் ஒழுங்காக ஒட்டாது. மாதிரியின் பீடத்துக்கு மட்டும் கடினப் பூச்சு வேண்டும் என்பவர்களுக்கு இது பயன்படும். நிறத்தில் பல தரங்கள் கிடைக்கின்றன. தேக்குக்குப் பொன்னிறமும், மஞ்சக்கடம்புக்கும் வெட்பாலைக்கும் வெளிறியதும் பொருந்தும். வெட்பாலையின் தந்த வெண்மைமேல் கரும்பழுப்பு அரக்கைப் பூசுவது அந்த மரத்துக்குச் செய்யும் அநியாயம்.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். முதல் சங்கடம் செதிலில் இல்லை, அதைக் கரைக்கும் திரவத்தில் இருக்கிறது. மெத்திலேற்றிய ஸ்பிரிட்டைத் தமிழ்நாட்டில் நினைத்த கடையில் நினைத்த அளவு வாங்கிவிட முடியாது. அதற்கென 1959-ஆம் ஆண்டின் விதிகளே இருக்கின்றன. அவற்றின் தலைப்பிலேயே வார்னிஷும் பிரெஞ்சு பாலிஷும் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் அது) இடம்பெற்றுள்ளன. மதுவிலக்குக் காலத்தில் வார்னிஷைக் குடித்து மாண்டவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் புரியும். அந்த ஸ்பிரிட்டில் கலந்துள்ள நச்சுப்பொருளான மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது என்பதால், ஸ்பிரிட் கிடைத்தாலும் கையுறை இல்லாமலும் சன்னலைத் திறக்காமலும் அதைத் தொடுவது சரியன்று. நான் பயன்படுத்துவது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மின்னணுப் பலகைகளைத் துடைப்பதற்காக ரிச்சி தெருக் கடைகளில் விற்கும் அதே திரவம்தான். ஸ்பிரிட்டைவிட மெதுவாகக் கரைக்கும், மெதுவாக உலரும். தூரிகைத் தடம் தானாகச் சமனாவதற்கு அவகாசம் கிடைப்பதால் சிறு மாதிரிகளில் இந்த மந்தம் எனக்கு வசதியாகவே இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கை மட்டும் வாங்கவேண்டாம். மீதி 30 பங்கு தண்ணீர், பூச்சு வெளுத்துப்போகும்.

கரைக்கும் அளவைப் பொறுத்தவரை, 100 மில்லிக்கு 12 கிராம் என்பதே மாதிரி வேலைக்கு மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பூச்சுக்கு அதிலும் பாதி போதும். செதிலைக் காபிப் பொடிபோல் நுணுக்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அவ்வப்போது குலுக்கி ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். பிறகு மெல்லிய மல்துணியில் வடிகட்டவேண்டும். உலோக மூடியுள்ள குப்பியைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அரக்கின் அமிலத்தன்மை இரும்போடு சேர்ந்து கரைசலைக் கறுக்கவைக்கும்.

தோணியின் உடற்பகுதியில் பூசியதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1 மி.மீ. கனமுள்ள தேக்குப் பட்டைகளை ஃபெவிகாலால் ஒட்டிய உடல் அது. 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை, ரேகையின் போக்கிலேயே இழைத்து, துகளைத் தூரிகையால் நீக்கியபின், ஆல்கஹால் தொட்டுப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தேன். இந்தத் துடைப்பின் பலன் பெரிது. மரம் சில நொடிகள் நனைந்து இருளும்போது, பசை வழிந்து காய்ந்த இடங்கள் மட்டும் வெளிறிய திட்டுகளாகக் காட்டிக்கொடுக்கும். அவற்றை அப்போதே சுரண்டாவிட்டால் எந்தப் பூச்சும் அந்த இடத்தில் இறங்காது. எத்தனை கைப்பூச்சு ஏற்றினாலும் திட்டு திட்டாகவே நிற்கும். ஆனால் துணி ஈரமாக இருக்கக்கூடாது. ஃபெவிகால் வகைப் பசையை ஆல்கஹால் இளக்கும், ஆகவே தாராளமாக நனைத்தால் முனைப் பலகைகள் பிரிந்து எழும். பழைய மாதிரிகளைப் பழுதுபார்ப்பவர்கள் ஒட்டைப் பிரிப்பதற்கே இந்தத் தன்மையைப் பயன்படுத்துகிறார்கள். பூச்சின்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். தூரிகையில் வழியும் அளவுக்குத் தோய்க்காமல், குப்பியின் விளிம்பில் ஒற்றி, ஒரு பலகையின் நீளத்தை ஒரே இழுப்பில் முடித்து, திரும்பவும் அதே இடத்தைத் தொடாமல் நகரவேண்டும். உலர ஆரம்பித்த அரக்கின்மேல் தூரிகை பட்டால் இழுபட்டுச் சுருங்கும்.

அரை மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடுவது அரக்கின் பெரிய சலுகை. தூசு படிவதற்குள் உலர்ந்துவிடுவதால், பூச்சுக்கென்று தனி அறை இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு வேறெந்தப் பூச்சும் இவ்வளவு இணங்கிப்போகாது. மூன்று மெல்லிய பூச்சுக்குப்பின் 600 எண் தாளால் காற்றுப்போல் தடவினேன். இந்தக் கட்டத்தில் இரும்புக் கம்பளியைப் பலர் பரிந்துரைப்பார்கள். துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் அதன் துகள் ஒன்று சிக்கினாலும் அடுத்த மழைக்காலத்தில் கரும்புள்ளியாகத் தலைகாட்டும். சாம்பல் நிறச் செயற்கை நார்ப்பட்டையே பாதுகாப்பானது. முடிவில் தேக்கின் நிறம் ஒரு படி ஆழ்ந்தது, மஞ்சக்கடம்பின் மஞ்சள் சற்றுக் கனிந்தது. விரலால் தடவினால் மரமே தட்டுப்பட்டது. இணைப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி நின்றன.

ஒப்பிடுவதற்காக அதே தேக்குப் பலகையின் துண்டுகளில் மற்றப் பூச்சுகளையும் போட்டுச் சன்னலோரம் வைத்திருந்தேன். ஆளிவிதை எண்ணெய் முதல் வாரத்தில் எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐப்பசி மழையில் அது பிசுபிசுப்பு அடங்காமல் தூசைப் பிடித்துக்கொண்டது, நாளாக ஆக மஞ்சள் பூத்தது. காற்றிலுள்ள ஈரத்தை மரத்துக்குள் விடாமல் தடுப்பதில் எண்ணெயும் வெறும் மெழுகும் ஏறக்குறையப் பூச்சே இல்லாததற்குச் சமம். அரக்கு இதில் நிச்சயமாக மேலானது. எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும் வீட்டில் வேலை செய்கிறவர்கள் மறக்கக்கூடாது. தண்ணீர் கலந்த அக்ரிலிக் பூச்சு நிறத்தைக் கெடுக்கவில்லை, ஆனால் தேக்கின் நார்களை எழுப்பிவிட்டது. மெல்லிய பட்டைகள் சற்று வளைந்தன. தச்சர்கள் விரும்பும் மெலமைன் பளபளப்பிலும் வலுவிலும் குறையில்லாதது. அமிலத்தால் இறுகும் அந்தப் பூச்சு வெகுகாலம் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் என்பதால், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரிக்கு அதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

கண்ணாடிப் பெட்டி என்றதும் ஈயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூண்டில் ஈயக்குண்டை உருக்கி நங்கூரம் வார்ப்பது நம்மில் பலருடைய வழக்கம். மரமும் சில பசைகளும் மெல்ல வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவி, காற்று நகராத பெட்டிக்குள் ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும். அருங்காட்சியகங்களின் பழைய கப்பல் மாதிரிகள் பல இவ்வாறு பீரங்கிகளையும் நங்கூரங்களையும் இழந்திருக்கின்றன. மரத்தின்மேல் பூசிய அரக்கு அந்த ஆவியைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. பெட்டியின் அடியில் சில துளைகள் விடுவதும், ஈயத்துக்குப் பதில் பித்தளையைப் பயன்படுத்துவதுமே உண்மையான தீர்வு.

பாய்மரக் கயிறுகளில் அரக்கு செய்யும் வேலை எனக்கு எதிர்பாராத லாபம். பருத்தி நூலில் போட்ட முடிச்சின்மேல் குச்சிமுனையால் ஒரு சொட்டு வைத்தால் முடிச்சு நெகிழாமல் நிற்கிறது. உடனொட்டுப் பசையைப் போல நூலைக் கம்பியாக விறைக்கவைப்பதும் இல்லை, வெண்புகை படியவைப்பதும் இல்லை. கயிறு தொய்ந்துவிட்டால் ஒரு துளி ஆல்கஹால் தொட்டு, இளக்கி, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

எல்லா மரத்துக்கும் இது ஒத்துவரும் என்று எண்ணிவிட வேண்டாம். செம்மரத்தின் சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கரையக்கூடியது. வெளிறிய மரத்தை ஒட்டிச் செம்மரப் பட்டை வைத்திருந்தால், தூரிகையின் முதல் இழுப்பிலேயே சிவப்பு அண்டை மரத்துக்குப் பரவிவிடும். அத்தகைய இடங்களில் செம்மரத்தைத் தனியே பூசி உலரவைத்தபின் பொருத்துவதே வழி. வேங்கைக்குச் சிக்கல் வேறு திசையில் வருகிறது. வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் நிறம் மாறுவதை அறிந்தவர்கள், தண்ணீர் கலந்த பூச்சை அதன் அருகில் கொண்டுபோகமாட்டார்கள்.

மழைக்காலத்தில் அரக்குப் பூசுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பனிமூட்டமாக வெளுக்கும். வெயில் ஏறிய வறண்ட நண்பகலில் ஆல்கஹால் ஒற்றிய துணியால் இலேசாகத் தடவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உலர்ந்து முடிந்த பூச்சும் சூட்டுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் தோற்றுப்போகும். வீட்டைத் துடைக்கும் அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவம் அதன்மேல் தெறிக்கக்கூடாது. கிருமிநாசினி தடவிய கையோடு மாதிரியைத் தொட்டால் விரல்ரேகை நிரந்தரமாகப் பதியும். கண்காட்சிக்கு எடுத்துச் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புற ஊதாக் கதிரையும் அரக்கு தடுப்பதில்லை. நேர்வெயில் படும் அலமாரியில் வைத்தால் மஞ்சக்கடம்பின் நிறம் மாறத்தான் செய்யும், அதற்குப் பூச்சைக் குறைகூறிப் பயனில்லை.

உளுத்துப்போவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வாகை, மா போன்ற மரங்களின் வெளுப்புப் பகுதியில், திறந்த நுண்துளைகளுக்குள்தான் உளுவண்டு முட்டையிடுகிறது. துளைகளை அரக்கு அடைத்துவிட்டால் முட்டையிட இடமிராது. அதற்காகவே, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்துக்கும் ஒரு பூச்சு கொடுக்கவேண்டும். இருபுறமும் ஒரே அளவு ஈரம் ஏறி இறங்குவதால் பலகை திருகுவதும் குறையும். மரத்துக்குள் ஏற்கெனவே புழு இருந்தால் அரக்கு அதை ஒன்றும் செய்யாது, பூச்சுக்கு முன்பே மருந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தேய்க்கும் மெழுகுக்கு நான் தேர்ந்தெடுத்தது ரினைசான்ஸ் வாக்ஸ். 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான கலவை இது. நுண்படிக மெழுகையும் பாலித்தீன் மெழுகையும் ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயர் ஸ்பிரிட் என்றாலும் ஆல்கஹால் அன்று, பெட்ரோலியக் கரைப்பான்) குழைத்தது. தேன்மெழுகு போன்ற இயற்கை மெழுகுகளில் உள்ள அமிலம் நாளடைவில் பொருள்களைப் பாதிக்கிறது என்பதால்தான் அமிலமற்ற இதை உருவாக்கினார்கள். ஒயிட் ஸ்பிரிட் அரக்கைக் கரைக்காது, ஆகவே தைரியமாகப் பூசலாம். மிளகளவு எடுத்துத் துணியில் பரப்பித் தேய்த்து, சில நிமிடங்களில் துடைத்துவிட்டால், பளபளப்பு அடங்கிப் பட்டுப்போன்ற மினுமினுப்பு மிஞ்சுகிறது, கைரேகையும் பதிவதில்லை. இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை சுடத்தான் செய்கிறது, ஆனால் சிறு டப்பாவே பல ஆண்டுகளுக்கு வரும். எந்த மெழுகுப் பசையானாலும் செதுக்கு வேலையின் இடுக்குகளில் வெண்மையாகக் காய்ந்து நிற்கும். தேரின் யாளி வரிசை போன்ற பகுதிகளில் மெழுகை அடியோடு தவிர்த்துவிடுவதே மேல். அரக்கு மட்டுமே அங்கே போதுமானது.

செதிலை வாங்குவதில் ஓர் அனுபவம். ஒருமுறை இணையத்தில் வரவழைத்த பொட்டலம் கத்தரி வெயிலில் பயணப்பட்டு, செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறைக்கட்டியாக வந்து சேர்ந்தது. விற்றவர் மாற்றித்தர மறுத்துவிட்டார். உடைத்துக் கரைத்துப் பார்த்ததில் பாதி கரைந்து மீதி கூழாக நின்றது. பழைய சரக்கு என்பதற்கு அதுவே அடையாளம். பொட்டலத்தில் உற்பத்தித் தேதி அச்சிடாத விற்பனையாளரிடம் அதன்பின் நான் வாங்குவதில்லை. கரைத்து வைத்ததற்கு ஆயுள் இன்னும் குறைவு. நம் ஊர் வெப்பத்தில் ஆறு மாதத்துக்குமேல் நம்பக்கூடாது, ஏனெனில் ஆல்கஹாலோடு சேர்ந்து அரக்கின் அமிலங்கள் மாறிப்போய், பூச்சு ஒருபோதும் முழுமையாக இறுகாத நிலை ஏற்படும். வேலை தொடங்குமுன் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். உலர்ந்தபின் நகம் அழுந்தினால் குப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவேண்டும்.

இரண்டடி மாதிரிக்கு உள்ளும் புறமும் சேர்த்து 20 கிராம் செதில் தாராளம். ஆகவே கிலோ கணக்கில் மலிவு என்று சொல்பவர் பேச்சை நம்பாமல், 100 கிராம் பொட்டலத்தைத் தை, மாசி மாதங்களில் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துக்கொள்வது நல்லது. மருந்தோ தின்பண்டமோ என்று யாரும் எடுத்துவிடாதபடி மேலே பெயரை எழுதி ஒட்டிவிடவும்.